மதியம் பாடின பாட்டு

என் நாத்தனார் ஜெபசீலியின் பாட்டை ஒன்பது கோடிப் பேர் கேட்டுவிட்டார்கள் என்று ‘காதோரம்’ பாட்டுக் கம்பெனி அறிவித்த அன்றைக்கு எங்கள் தெருவில் வெடி போட்டார்கள். அந்தப் பாட்டை அவள் பாடியபடியே கேட்டவர்கள் உலகத்தில் எங்கள் வீட்டு ஆட்களும் எதிர்வீட்டு நாயும் மட்டும்தான் என்பது அப்போது யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் நாயைக் கூப்பிட்டு மாலை போட்டிருப்போம்.

நான் பியூலா. தூத்துக்குடியில் எங்கள் சபைப் பாடகர் குழுவில் ஆல்டோ. அப்படியென்றால் என்ன என்று கேட்காத ஆளே கிடையாது, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ராகத்தை எடுத்துக்கொண்டு மேலே போகிறவர்கள் சோப்ரானோ. எல்லாரும் அவர்களைத்தான் பார்ப்பார்கள். அவர்களுக்குக் கீழே துணைக்கு ஒரு குரல் போகும், அது நாங்கள். நாங்கள் பாடினால் யாருக்கும் தெரியாது. பாடாவிட்டால் மட்டும் “இன்னைக்கு என்னவோ சப்புன்னு இருந்துச்சே” என்பார்கள். ஜெபசீலி சோப்ரானோ. நான் கல்யாணமாகி வந்தபோது அவள் எட்டாம் வகுப்பு. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் என் பக்கத்தில் நின்று பாடியவள்.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில்தான் அவளுக்கு வேலை. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் துணி எடுக்க மொட்டைமாடிக்கு வந்தவள், தானே கட்டிய பாட்டு ஒன்று இருக்கிறது என்று வெட்கப்பட்டுக்கொண்டே பாடிக் காட்டினாள்.

“அலை வந்து கேட்டுது பேரு – நான்
அரைப்பேரு சொன்னேன், மீதிய நீ கூறு.”

அந்த ‘மீதிய’ வருகிற இடத்தில் அவள் குரல் சட்டென்று மேலே தாவி அங்கேயே நிற்கும். கேட்டவுடன் எனக்குப் புல்லரித்துவிட்டது. சும்மா இருக்க முடியாமல் இரண்டாம் முறை நானும் சேர்ந்துகொண்டேன். அவள் மேலே தாவும்போது நான் கீழே இறங்கினேன். அவளுடைய அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர், அதைப் போனில் பிடித்துக் காதோரத்தில் போட்டார். கொடியில் அவருடைய பனியன் தொங்கியதைக்கூட யாரும் எடுக்கவில்லை.

காதுக்குப் பின்னால் ஒட்டுகிற அந்தக் காதுப்பொட்டு வந்த பிறகு யார் சத்தமாகப் பாட்டு வைக்கிறார்கள்? பஸ்ஸில் பாட்டு கிடையாது, டீக்கடையில் கிடையாது, கல்யாண வீட்டில்கூட ஆளாளுக்குத் தனித்தனியாகத் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தப் பொட்டுக்குள் பாட்டை ஊற்றுவது காதோரம்தான். ஒரு மாதத்துக்குள் ஜெபசீலி தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த பெயராகிவிட்டாள். அடுத்தடுத்துப் பாட்டுகள் வந்தன, எல்லாமே மாடியில்தான், பனியன் மட்டும் இல்லை. ஆபீஸ் வேலையை விட்டாள். சிங்கப்பூரில் ஒரு விருதைத் திரை வழியாகவே கொடுத்தார்கள், இவளும் திரை வழியாகவே வாங்கிக்கொண்டாள்.

கேட்டவர்கள் எழுதுவதை நான்தான் அவளுக்குப் படித்துக் காட்டுவேன். “இவ்ளோ மெதுவா பாடி அழ வச்சிட்டீங்க அக்கா” என்று ஒருத்தி எழுதியிருப்பாள். அதற்குக் கீழேயே “செம குத்து! எங்க காலேஜே ஆடுது” என்று ஒருவன் எழுதியிருப்பான். நல்ல பாட்டென்றால் ஒருத்தருக்கு அழுகை வரும், ஒருத்தருக்கு ஆட்டம் வரும் என்று நாங்களாக நினைத்துக்கொண்டோம். கூடப் பாடிய குரலைப் பற்றி ஒருத்தரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. ஆல்டோவுக்கு இதெல்லாம் சகஜம், நான் கண்டுகொள்ளவில்லை. சரி, கொஞ்சம் கண்டுகொண்டேன்.

மதுரையில் ஒரு கல்யாணத்தில்தான் குட்டு வெளிப்பட்டது. பெண்ணும் மாப்பிள்ளையும் ஒன்றரை வருஷம் காதலித்தவர்கள். எங்கள் முதல் பாட்டான ‘அரைப்பேரு’தான் அவர்களுடைய பாட்டாம். காதுப்பொட்டுகளைக் கழற்றி வைத்துவிட்டு ஜெபசீலியை நேரில் பாடச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டுக் கூப்பிட்டிருந்தார்கள். அதற்கு முன்னால் அவளை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. பட்டுச்சேலை கட்டிக்கொண்டு சந்தோஷமாகப் போனோம்.

இவள் முதல் வரியை முடிப்பதற்குள் பெண்ணின் முகம் மாறிவிட்டது.

“அக்கா, நம்ம பாட்டு பாடுங்கக்கா. இது வேறயா இருக்கே?”

“அதாம்மா பாடுறேன்” என்றாள் ஜெபசீலி.

“கொஞ்சம் வேகமாப் போகுது” என்றார் மாப்பிள்ளை.

“வேகமாவா? இழுவையால்ல இருக்கு!” என்று பெண் திரும்பிப் பார்த்தாள்.

இரண்டு பேரும் தங்களுக்குத் தெரிந்த மாதிரி பாடிக் காட்டினார்கள். பெண் பாடியதற்கு எழுந்து ஆடலாம். மாப்பிள்ளை பாடியதைத் தொட்டிலுக்குப் பக்கத்தில் பாடலாம். மாமாக்காரர் ஒருவர் மூன்றாவதாக ஒன்றை எடுத்துவிட்டார், அது கிட்டத்தட்ட பஜனை. வார்த்தைகள் மட்டும்தான் எல்லாவற்றிலும் ஒன்று. பெண்ணும் மாப்பிள்ளையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். “அப்ப அன்னிக்கு பீச்ல உக்காந்து ரெண்டு பேரும் கேட்டமே, அது?” என்று அவள் கேட்டாள். தாலியின் மஞ்சள்கூட இன்னும் காயவில்லை, அந்தப் பிள்ளை அழ ஆரம்பித்துவிட்டது. பின்வரிசையில் யாரோ, “இது ஒரிஜினல் ஜெபசீலி இல்லப்பா, டூப்பு” என்றார்கள்.

திரும்பி வரும்போது காரில் கோவில்பட்டி தாண்டியதும் ஜெபசீலி என்னிடம் சொன்னாள்.

“மைனி, என் பாட்ட யாருமே கேக்கல. வேற எதையோ கேட்டுட்டு எனக்கு நன்றி சொல்லிட்டு இருக்காவ.”

மறுநாளே காதோரத்துக்குப் போன் போட்டு நான் கத்திய கத்தலில், இரண்டு நாளில் நிரஞ்சன் என்று ஒருவன் வீட்டுக்கு வந்தான். பாடுகிறவர்களைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை. கோயம்புத்தூர்ப் பையன், மரியாதைக்குக் குறைச்சலே இல்லை. ஒன்றையும் மறைக்கவும் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் கோபம்.

“யாரும் பாட்டைப் பாதியில தள்ளிவிட்டுப் போயிடக் கூடாதுங்க, அதுக்குத்தான். கேக்கறவங்க மூச்சு, நாடி எல்லாம் பொட்டுக்குத் தெரியும். சலிப்புத் தட்டற இடத்துல பாட்டை லேசா மாத்தும். அவங்களுக்குப் பிடிச்ச வேகம், பிடிச்ச சுருதி, பிடிச்ச குரல். நாலு தடவை கேக்கறதுக்குள்ள அது அவங்க பாட்டாயிடுமுங்க.”

“எங்க வீட்டுல மட்டும் ஏன் மாறல?” என்று ஜெபசீலி கேட்டாள்.

“பாடறவங்க வீட்டுப் போனுக்கு அசலைத்தான் அனுப்புவோமுங்க. இல்லாட்டி நீங்க வருத்தப்படுவீங்க.”

“இப்ப வருத்தப்படாம சிரிச்சிட்டா இருக்கோம்?” என்றேன் நான்.

அவன் டீயைப் பார்த்தான். ஜெபசீலி மெதுவாகத்தான் கேட்டாள். “நான் பாடுனத அப்படியே கேக்குற ஆளு, ஒருத்தராவது உண்டா?”

கையிலிருந்த தொடுதிரைப் பலகையில் எதையெதையோ தட்டிப் பார்த்தான். “இல்லீங்க” என்றான். “வேகத்தை மாத்தாம கேக்கறவங்க இருக்காங்க. சுருதியை மாத்தாம கேக்கறவங்களும் கொஞ்சம் இருக்காங்க. ஆனா அந்த ரெண்டாவது குரலை மொதல் நாளே எல்லாருக்கும் எடுத்திருச்சுங்க.”

“எந்த ரெண்டாவது குரல?” என்றேன்.

“கீழ ஒரு குரல் போகுமில்லீங்களா, அது. இருந்தா காது எதைப் புடிக்கறதுன்னு தெரியாம தடுமாறுதாமா.”

“அது நான்தான் தம்பி.”

அவன் டீயைக் கீழே வைத்துவிட்டான். சவத்து மெஷின் என் குரலைச் சோற்றுக்குள் கிடந்த கல்லைப் போல எடுத்து வெளியே போட்டிருக்கிறது. ஒன்பது கோடிப் பேரில் ஒருத்தர்கூட என்னைக் கேட்கவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் அவன் முன்னால் அழ மனசில்லாமல் முறுக்கு எடுத்துவரப் போகிற மாதிரி உள்ளே போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது ஜெபசீலி ஒரு பொட்டை ஒட்டிக்கொண்டு எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள், கண்ணெல்லாம் நனைந்திருந்தது. சேலத்தில் ஒருவர் கேட்கிற ‘அரைப்பேரு’வாம். போன வருஷம் அவர் மனைவி இறந்துபோனார். பொட்டு அந்த அம்மாளின் குரலைப் பழைய போன் பேச்சுகளிலிருந்து எடுத்து, இவள் பாட்டுக்குள் வைத்திருந்தது. கொஞ்சம் கரகரப்பான குரல், பாடத் தெரியாத குரல், நடுவில் ஓர் இருமல். எனக்கும் ஒட்டிவிட்டாள், நானும் கேட்டேன். கோபப்படுவதற்கு ஆள் கிடைக்காமல் உட்கார்ந்துவிட்டேன்.

“அவருகிட்ட இருந்து இத எடுத்துராதிய” என்று நிரஞ்சனிடம் சொன்னாள் ஜெபசீலி. “ஆனா இது அவரு பாட்டு. என் பாட்டுன்னு ஒண்ணு இருக்குல்ல? அத ஒரே ஒரு தடவ, எல்லாரும் ஒண்ணா இருந்து கேக்க நான் பாடணும்.”

காதோரம் ஏற்கெனவே சென்னைத் தீவுத்திடலில் அவளுக்கு ஒரு பெரிய கச்சேரி ஏற்பாடு செய்திருந்தது. இருபதாயிரம் பேர் வருவார்கள். மேடையில் அவள் பாடுவாள், ஸ்பீக்கர் கிடையாது, கூட்டத்தில் அவரவர் பொட்டில் அவரவர் ஜெபசீலி. அதைத்தான் பெரிய புதுமை என்று விளம்பரம் செய்துகொண்டிருந்தார்கள்.

“அங்க ஸ்பீக்கர் கட்டுங்க. பொட்டுக்கு என் பாட்டு போவக் கூடாது” என்றாள்.

நிரஞ்சன் பதறிவிட்டான். “வேண்டாமுங்க. கூட்டம் சும்மா இருக்காது. ‘இது அவங்க இல்லை, ஏமாத்து’ம்பாங்க. அதை நாலு பேரு படம் புடிச்சுப் போட்டாப் போதும், மறுநாள் காலையில உங்களைக் கேக்க ஆளிருக்காது. அப்புறம் எங்களாலயும் தூக்கி நிறுத்த முடியாதுங்க.”

“ஏட்டி, யோசிச்சுக்க” என்று நானும் சொன்னேன். ரோஷம் ஒரு பக்கம் இருந்தாலும் பயமும் இருந்தது. ஆபீஸ் வேலையையும் விட்டாயிற்று.

“அந்தக் கல்யாணப் பொண்ணு மூஞ்சிய நீங்களும் பாத்தியள்லா மைனி?” என்றாள். அதற்கு மேல் அவளிடம் பேசிப் பிரயோஜனமில்லை என்று எனக்குத் தெரியும்.

அவள் பிடித்த பிடியில் காதோரமும் கடைசியில் ஒத்துக்கொண்டது. கச்சேரி அன்று மதியமே நாங்கள் திடலுக்குப் போய்விட்டோம். வெயில் மண்டையைப் பிளந்தது. இவ்வளவு பெரிய ஸ்பீக்கர்களை இந்த ஊரில் கட்டிப் பல வருஷம் ஆகியிருந்தது. ஒரு பக்கம் வைத்தால் ஊளையிடும், மறுபக்கம் வைத்தால் கேட்காது. ஒவ்வொரு பகுதியாக அவர்கள் சரிசெய்ய, ஜெபசீலி மேடையில் நின்று ‘அரைப்பேரு’வையே திரும்பத் திரும்பப் பாட வேண்டியிருந்தது.

நான் அங்கே இல்லை. மேடையிலிருந்து பொட்டுக்குப் பாட்டை அனுப்புகிற வண்டி ஒன்று பின்னால் நின்றது. அந்த இணைப்பை உண்மையிலேயே கழற்றுகிறார்களா, கண்ணில் மண்ணைத் தூவுகிறார்களா என்று பார்க்க நானே ஏறி உட்கார்ந்துகொண்டேன். ஏசி வண்டி, கதவை மூடினால் ஈ பறக்கிற சத்தம்கூட உள்ளே வராது. நிரஞ்சன் என் கண் முன்னால் வயரைப் பிடுங்கி என் கையிலேயே கொடுத்தான். கொடுத்துவிட்டு, “மறுபடி மாட்ட ஒரு நிமிஷம் போதுங்கக்கா. உங்களுக்கு வேணும்னு தோணுச்சுன்னா தலையை மட்டும் ஆட்டுங்க” என்றான். பையன் கெட்டவன் இல்லை.

சாயங்காலம் இறங்கி வந்தபோது, தடுப்புக் கம்பிகள் ஓரமாகப் பெண் போலீஸ்காரர்கள் வரிசையாக நின்றார்கள். பந்தோபஸ்துக்கு மதியமே கொண்டுவந்து இறக்கிவிட்டிருந்தார்கள். முதுகை மேடைக்குக் காட்டி, முகத்தைக் கூட்டம் வரப்போகிற பக்கம் வைத்து நிற்க வேண்டுமாம். வேலை நேரத்தில் பொட்டும் கூடாது, போனும் கூடாது. ஒருவர் தொப்பியால் விசிறிக்கொண்டிருந்தார். சட்டையில் முத்துச்செல்வி என்று பெயர். என்னிடமிருந்த தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன்.

“மதியத்துல இருந்து ஒரே பாட்டும்மா” என்றார். “மண்டைக்குள்ள ஏறி உக்காந்துக்கிச்சு.”

கூட்டம் வந்தது. எள் போட்டால் எண்ணெயாகும் அளவுக்கு வந்தது. ஜெபசீலி கீபோர்டுக்குப் பின்னால் வந்து நின்றதும் எழுந்த சத்தத்தில் மேடைப் பலகையே அதிர்ந்தது. இரண்டாவது குரலுக்குப் பக்கத்தில் நின்ற என் கையிலும் ஒரு மைக் இருந்தது. அவள் ‘அலை வந்து’ என்று எடுத்தாள்.

இருபதாயிரம் பேரும் ஆசையாகக் கூடவே பாட ஆரம்பித்தார்கள். ஆளுக்கொரு பாட்டை. ஒருத்தர் முன்னே ஓட, ஒருத்தர் பின்னே இழுக்க, ஒரு பக்கம் கைதட்டல், ஒரு பக்கம் கண்ணீர். காய்கறிச் சந்தையில் ஏலம் விடுகிற மாதிரி ஆகிவிட்டது. மக்கள் பக்கத்து ஆளைத் திரும்பிப் பார்த்து முறைத்தார்கள். பிறகு பாடுவதை நிறுத்திவிட்டு மேடையை முறைத்தார்கள். “இது அவங்க இல்ல!” என்று ஒரு குரல் கிளம்பியது. “பொட்டுல போடு! பொட்டுல போடு!” என்று ஒரு பகுதி கோஷமே போட ஆரம்பித்துவிட்டது. ஆயிரக்கணக்கில் போன்கள் உயர்ந்தன, எல்லாம் படம் பிடிக்கத்தான். நிரஞ்சன் பயந்தது அப்படியே நடந்துகொண்டிருந்தது.

மேடை ஓரத்தில் அவன் நின்று என்னையே பார்த்தான். ஒரு தலையாட்டல் போதும். இவள் பிழைத்துக்கொள்வாள், எல்லாரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போவார்கள், அவரவர் பாட்டோடு. சத்தியமாகச் சொல்கிறேன், தலை பாதி ஆடிவிட்டது.

அப்போது ஜெபசீலியைப் பார்த்தேன். சபையில் ஜனங்கள் பாமாலையில் ராகம் தப்பிப் போனால் அவள் சத்தத்தைக் கூட்ட மாட்டாள். குறைப்பாள். அந்த இரைச்சலுக்குள் யாராவது ஒருத்தர் ராகத்தைப் பிடித்துக்கொண்டிருப்பார், அந்த ஆளைக் காதால் தேடுவாள். கிடைத்ததும் அவரோடு போய்ச் சேர்ந்துகொள்வாள், மற்றவர்கள் பின்னால் வருவார்கள். இப்போதும் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கண்ணை மூடி நின்றாள். இருபதாயிரம் பேரில் யாரைத் தேடுவாள் இந்தக் கோட்டிக்காரி என்று நினைத்தேன். ஒருத்தரும் இல்லை என்று நிரஞ்சனே சொல்லியிருந்தானே?

சட்டென்று கண்ணைத் திறந்தாள். முன்வரிசைத் தடுப்பில் ஒரு காக்கி முதுகு. முத்துச்செல்வி. கூச்சல் போடுகிற கூட்டத்தைக் கையால் அமர்த்திக்கொண்டே, தன்னையறியாமல் வாய்க்குள் பாடிக்கொண்டிருந்தார். அடுத்த தடுப்பில் இன்னொருவர். அதற்கடுத்த தடுப்பிலும். அத்தனை மணி நேரம் வெயிலில் நின்று, பொட்டு இல்லாமல், அவள் பாடியதை அப்படியே கேட்டவர்கள் அந்தத் திடலில் அவர்கள் மட்டும்தான்.

“அக்கா! காக்கி அக்கா!” என்று மைக்கில் கூப்பிட்டாள் ஜெபசீலி. “நீங்க பாடுறதுதான் பாட்டு. சத்தமாப் பாடுங்க!”

முத்துச்செல்வி திடுக்கிட்டுத் திரும்பினார். “ட்யூட்டில இருக்கேன் மேடம்!”

“இதுவும் பந்தோபஸ்துதான் அக்கா. என் பாட்டுக்குக் குடுங்க!”

கூட்டத்தில் ஒரு சிரிப்பு ஓடியது, கோஷம் கொஞ்சம் தடுமாறியது. முத்துச்செல்வி பயந்துபோய்த் தன் இன்ஸ்பெக்டரம்மாவைத் தேடினார். அந்த அம்மாள் இரண்டு தடுப்பு தள்ளி லத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு அவரே எடுத்துவிட்டார், “அலை வந்து கேட்டுது பேரு!” என்று, ஆஜர் சொல்கிற குரலில்.

அவ்வளவுதான். தடுப்புக்குத் தடுப்பு காக்கிகள் பாட ஆரம்பித்தார்கள். மேடைக்கு முதுகு, கூட்டத்துக்கு முகம். ஒரு பெரிய பாடகர் குழுவுக்கு எங்கெங்கே ஆள் நிறுத்துவோமோ அங்கங்கே சரியாக நின்றார்கள். பக்கத்தில் எவனாவது சொந்த ராகத்தை இழுத்தால் ஒரு பார்வை பார்த்தார்கள். போலீஸ் முறைத்தால் சுருதி தானாக வருகிறது, அன்றைக்குத்தான் கண்டேன். ஜெபசீலி முதல் வரியைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பாடினாள், அவர்கள் வாங்கிக் கொடுத்தார்கள், கூட்டம் திருப்பிக் கொடுத்தது. முதலில் முன்வரிசை, பிறகு அதன் பின்னால். பக்கத்து ஆள் என்ன பாடுகிறார் என்று ஜனங்கள் காதைச் சாய்த்துக் கேட்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். நிறையப் பேர் தாங்களாகவே பொட்டைப் பிய்த்துச் சட்டைப்பையில் போட்டார்கள்.

“முழுசாப் பாடுவோமா?” என்றாள். ‘ஆமா’ என்று ஒரே சத்தம் வந்தது. ஒரே சத்தம்!

அலை வந்து கேட்டுது பேரு. நான் அரைப்பேரு சொன்னேன்.

‘மீதிய’ வந்தது. அவள் மேலே தாவினாள். இருபதாயிரம் பேரும் கீழே இறங்கினார்கள்.

போச்சு, எல்லாம் கெட்டது, மறுபடியும் தப்பு என்று நினைத்தேன். ஒரு நொடிதான். அவள் மேலே நிற்க, அதற்குக் கீழே அந்த மொத்தத் திடலும் ஒரு தரையைப் போல விரிந்து அவளைத் தாங்கிக்கொண்டிருந்தது. தப்பில்லை. எனக்கு அந்த இறக்கம் நன்றாகத் தெரியும். மாடியில் பனியனுக்குப் பக்கத்தில் நின்று நான் பாடியது. அந்த மெஷின் ஒருத்தருக்கும் கொடுக்காமல் எடுத்துப்போட்டது. என் ஆல்டோ. கையில் மைக்கை வைத்துக்கொண்டு பாடாமல் நின்றேன். என்னத்தைப் பாட? என் குரலை இருபதாயிரம் பேர் பாடிக்கொண்டிருந்தார்கள். கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது, துடைக்கவும் தோன்றவில்லை.

வரி முடிந்ததும் ஜெபசீலி மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் சாய்ந்தாள். சிரிப்பும் அழுகையுமாக இருந்தாள். “மைனி, மத்தியானம் எத்தன தடவ பாடச் சொன்னாவ தெரியுமா? தொண்டைய மிச்சம் பிடிக்க அந்த இடத்துல மேல போவாம கீழயே பாடுனேன். கீழ போனா எனக்கு உங்க குரல்தான் மைனி வருது. சின்னப்பிள்ளையில இருந்து காதுகிட்டயே கேட்டதுல்ல.”

அந்தப் பாட்டை அன்றைக்கு மூன்று தடவை பாட வைத்தார்கள். மூன்றாவது தடவை திடலை ஒட்டிய பாலத்தின்மேல் போன வண்டிகள் எல்லாம் நின்றுவிட்டன.

மேடைக்குப் பின்னால் நிரஞ்சன் பலகையும் கையுமாக ஓடிவந்தான். முகமெல்லாம் பல். “ஜனங்க போட்ட வீடியோ எல்லாம் பறக்குதுங்க! ஆனா எதையுமே மாத்த முடியலை. இத்தனை குரல் கலந்து கெடக்கா, பிரிக்கப் போனா மொத்தமா உடையுது. எல்லாருக்கும் ஒரே மாதிரி, இருக்கற மாதிரியேதான் போகுது. யாருமே பாதியில தள்ளிவிடலைங்க!”

“அந்த ரெண்டாவது குரல் காதுக்குத் தடுமாற்றமா இருக்குமே தம்பி, அதையாவது எடுக்கப் பாக்கக் கூடாதா?” என்று நான் அப்பாவியாகக் கேட்டேன்.

“அதை எடுத்தா பாட்டே இல்லீங்கக்கா.”

“காது சரியாக் கேக்கல. இன்னொரு தடவ சொல்லுங்க.”

அவன் சிரித்துக்கொண்டே இன்னொரு தடவை சொன்னான். ஜெபசீலி என்னைக் கட்டிக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து, தொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு முத்துச்செல்வி உள்ளே வந்தார். போட்டோ எடுக்க வந்திருக்கிறார் என்று நினைத்து ஜெபசீலி முந்தானையைச் சரிசெய்தாள். அவர் அதற்கு வரவில்லை.

“மேடம், ஒண்ணு சொன்னா தப்பா நெனைக்கக் கூடாது” என்று தயங்கினார். “மதியமெல்லாம் கரெக்டாத்தான் பாடுனீங்க. இப்ப கூட்டத்தைப் பாத்த பதட்டமோ என்னமோ, அந்த ‘மீதிய’ வர்ற எடத்துல ஒவ்வொரு தடவையும் மேல போயிட்டீங்க. நாங்க யாரும் விடலை. கீழயே இறுக்கிப் புடிச்சு நிறுத்திட்டோம். ஜனங்களுக்குத் தெரிஞ்சிருக்காது, நீங்க கவலைப்படாதீங்க.”

நான் ஜெபசீலியின் கையைக் கிள்ளினேன். அவள் என்னைப் பார்க்காமல், அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

“ஆமாக்கா. நீங்க மட்டும் இல்லன்னா நான் தப்பாத்தான் பாடிருப்பேன்.”

முத்துச்செல்விக்கு மனசு ஆறிவிட்டது. பிறகு என்னைப் பார்த்தார், தண்ணீர் கொடுத்தவள் என்று அடையாளம் தெரிந்தது. “இந்தம்மா மைக்கைப் புடிச்சிக்கிட்டு சும்மாவே நின்னாங்க, பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். பாட்டு தெரியாதாம்மா? கஷ்டமெல்லாம் இல்ல, நான் சொல்லித் தர்றேன், கூடவே பாடுங்க.”

சொல்லிக்கொடுத்தார். நான் கவனமாகக் கேட்டு, பின்னாலேயே பாடினேன்.

“இன்னும் கொஞ்சம் கீழ” என்றார். சரியென்று இன்னும் கொஞ்சம் இறங்கினேன்.